வழுவும் வழுவமைதியும்: ‘முகல்-ஏ-ஆஸம்’ திரைப்படத்தின் தொடர்ச்சிப் பிழைகள்

நன்னூல் பயின்றோர் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றினையும் அறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் சொல் பிறழ்ந்து வருதல் வழு. பிறழாது வருதல் வழாநிலை. பிறழ்ந்து வந்ததாயினும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி அதனைச் சான்றோர் ஏற்றுக்கொள்ளுதல் வழுவமைதி. சொல்லுக்கு வகுத்த இவ்விலக்கணத்தைத் திரைப்படத்தின்மீது பொருத்திப் பார்க்கலாமா என்னும் எண்ணம் எனக்குத் தோன்றியதற்கு ஒரு மாணவரின் கட்டுரையே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, முகலாயர் காலக் கலைகள் பற்றிய கட்டுரைப் போட்டி ஒன்றிற்கு நடுவராக அமர்ந்திருந்தேன். நல்ல தமிழில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையில், “பேரரசர் அக்பர் தம் மகன் சலீமின் காதலியாகிய அனார்கலியை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டச் செய்தார்” என்று ஐயமின்றி எழுதப்பட்டிருந்தது. எந்நூலில் கண்டீர் என்று அம்மாணவரை வினவினேன். “திரைப்படத்தில் பார்த்தேன், ஐயா” என்றார். அவர் குறித்த படம் கே. ஆசிஃப் இயக்கிய ‘முகல்-ஏ-ஆஸம்’. வியப்பு என்னவெனில், அப்படத்தில் அக்பர் அனார்கலியைக் கொல்வதே இல்லை. சுவர் எழுப்பப்படுகிறது, எனினும் முன்னொரு நாள் அவளுடைய தாய்க்குக் கொடுத்த வாக்கினை நினைந்து, சுரங்க வழியாகத் தாயையும் மகளையும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். சலீம் அதனை அறியார். ஆக, அம்மாணவர் வரலாற்றைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். படத்தையோ செவிவழிக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். வழு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமர்ந்துவிட்டது.

இனித் தொடர்ச்சிப் பிழை என்பது யாது எனக் காண்போம். திரைப்படம் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. முதற்காட்சி இறுதியிலும் இறுதிக்காட்சி நடுவிலும் எடுக்கப்படலாம். ஒரே உரையாடலில் தந்தை பேசுவதை ஒரு நாளும் மகன் மறுமொழி கூறுவதை மூன்று மாதம் கழித்தும் படமாக்குதல் உண்டு. திரையில் அவை அடுத்தடுத்து வரும்போது, முன் துண்டில் பாதி எரிந்திருந்த மெழுகுவத்தி பின் துண்டில் முழுமையாக நின்றால் அது தொடர்ச்சிப் பிழை. இடத்தோளில் கிடந்த சால்வை வலத்தோளுக்கு மாறுவதும், கழுத்தில் மூன்று வடமாக இருந்த முத்துமாலை இரண்டு வடமாகக் குறைவதும் அவ்வாறே. இவற்றைக் காத்தற்கென்றே படப்பிடிப்பில் ஒருவர் இருப்பார். நம் நாட்டுப் படப்பிடிப்புத் தளங்களில் இதனைக் ‘கன்டினியூட்டி பார்த்தல்’ என்பர். பெரும்பாலும் உதவி இயக்குநர் ஒருவர் தலையில் விழும் பணி அது. எந்தக் காட்சியில் எந்த உடை, எந்தக் கையில் வாள், தலைப்பாகையின் இறகு எப்பக்கம் சாய்ந்திருந்தது என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதிவைத்தும், ஒளிப்படம் எடுத்து ஒட்டிவைத்தும் அவர் காவல் புரிவார்.

அரச குடும்பத்தைப் பற்றிய படங்களில் இக்காவல் பன்மடங்கு கடினமாகும். எளிய குடும்பக் கதையில் தலைவிக்கு ஒரு சேலையும் இரண்டு வளையலும் போதும். அரசிக்கோ நெற்றிச்சுட்டி முதல் காற்சிலம்பு வரை அணிகள் பல. அவள் பின்னே தோழியர் பதின்மர். அவர்தம் பின்னே வாயிற்காவலர். ஒருவர் நிற்குமிடம் மாறினும் கண்ணிற் படும். ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்திற்கு உடை தைக்கத் தில்லியிலிருந்து தையற்காரர்களும், அணிகலன் செய்ய ஹைதராபாத் பொற்கொல்லர்களும், முடி செய்யக் கோலாப்பூர்க் கைவினைஞர்களும், படைக்கலன் வடிக்க இராஜஸ்தானத்துக் கொல்லர்களும், காலணி தைக்க ஆக்ராவிலிருந்து தொழிலாளரும் வரவழைக்கப்பட்டனர். போர்க்காட்சியில் 2,000 ஒட்டகங்கள், 400 குதிரைகள், 8,000 வீரர்கள் பங்கேற்றனர். வீரர்களிற் பெரும்பாலோர் இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள். எண்ணாயிரவர் நிற்கும் களத்தில் யார் யார் எங்கு நின்றார் என்று குறிப்பேடு எழுதுதல் யாரால் இயலும்?

இவற்றையெல்லாம் விடப் பெரிய பகை, காலம். ஆசிஃப் இப்படத்தை எண்ணத் தொடங்கியது 1944இல். 1946இல் பம்பாயில் படப்பிடிப்பு தொடங்கியபோது அக்பராகச் சந்திரமோகனும், சலீமாக டி. கே. சப்ருவும், அனார்கலியாக நர்கிஸும் நடித்தனர். 1947இல் நாடு பிரிந்தது. பொருளுதவி செய்த ஷிராஸ் அலி ஹக்கீம் பாக்கிஸ்தான் சென்றுவிட்டார். 1949இல் சந்திரமோகன் மறைந்தார். எடுத்த பகுதிகள் யாவும் வீணாயின. பின்னர், கட்டடத் தொழிலதிபர் ஷாபூர்ஜி பல்லோன்ஜியின் துணையோடு 1950களின் தொடக்கத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். இம்முறை அக்பர் பிருத்விராஜ் கபூர், சலீம் திலீப் குமார், அனார்கலி மதுபாலா, அரசி துர்கா கோட்டே. படம் வெளிவந்த நாள் 1960 ஆகஸ்ட் 5. கதைக்குள் குறுகிய காலத்தில் நிகழ்ந்து முடியும் ஒரு காதலை நடித்துமுடிக்க அவ்விருவருக்கும் பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. அதற்குள் மதுபாலாவின் இதயநோய் முற்றியது. சிறைக்காட்சியில் உண்மையான கனத்த இரும்புச் சங்கிலிகளையே அவர் சுமந்தார். திரைக்கு வெளியே அவருக்கும் திலீப் குமாருக்கும் இடையே இருந்த அன்பும் முறிந்தது. ஆயினும் முகத்தின்மீது இறகு வருடிச்செல்லும் அப்புகழ்பெற்ற காட்சியைக் காண்போர் அதில் ஒரு முறிவையும் காணார். உடையின் தொடர்ச்சியைக் குறிப்பேடு காக்கும். உள்ளத்தின் தொடர்ச்சியை நடிகர்களே காத்தாக வேண்டும்.

போதாக்குறைக்கு, இப்படத்தை உருது கலந்த இந்தி, தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் எடுக்கவே ஆசிஃப் திட்டமிட்டார். ஒவ்வொரு காட்சியும் மும்முறை நடிக்கப்பட்டது. ஒரு முறைக்கே திணறும் குறிப்பேடு மும்முறைக்கு என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் வடிவம் 1961இல் ‘அக்பர்’ என்ற பெயரில் வெளிவந்தது, மக்கள் வரவேற்கவில்லை. அத்தோல்வியைக் கண்டு ஆங்கில வடிவம் கைவிடப்பட்டது. தமிழ் மக்கள் சலீமின் கதையையே வெறுத்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 1954இல் வந்த ‘இல்லற ஜோதி’யில் நாடகத்துள் நாடகமாகச் சலீம்–அனார்கலி காட்சி அமைந்து, சிவாஜி கணேசன் சலீமாகத் தோன்றியதை விரும்பிப் பார்த்தவர்கள்தாம் நம் மக்கள்.

இனி, இப்படத்தின் மிகப் பெரிய தொடர்ச்சிப் பிழைக்கு வருவோம். அதைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டுவதில்லை. படம் பார்த்த அனைவரும் அதைக் கண்டிருக்கின்றனர். எவரும் அதைப் பிழை என்று கூறியதில்லை. படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகையில் அனார்கலி அரசவை நடுவே அச்சமின்றிக் காதலை அறிவித்து ஆடும் பாடல் வந்ததும் திரை முழுதும் வண்ணமாகிறது. பாடல் முடிந்ததும் மீண்டும் கறுப்பு வெள்ளை. இறுதியை நெருங்கும்போது மறுபடியும் வண்ணம். ஒரே அரண்மனை, ஒரே மாந்தர். கண்முன்னே உலகத்தின் நிறம் மாறி மாறி வருகிறது.

காரணம் எளியது. படப்பிடிப்பு நீண்டுகொண்டே போனதால், இடையில் டெக்னிக்கலர் முறை இந்தியாவில் வழக்கிற்கு வரத் தொடங்கிவிட்டது. 1957 அளவில் ஒரு ரீலை அம்முறையில் எடுத்துப் பார்த்த ஆசிஃப், அதன் அழகில் மயங்கி மேலும் மூன்று ரீல்களை எடுத்தார். முழுப்படத்தையும் மீண்டும் வண்ணத்தில் எடுக்க விரும்பினார். ஏற்கெனவே பொறுமை இழந்திருந்த விநியோகஸ்தர்கள் ஒப்பவில்லை. எனவே இரண்டும் கலந்தே வெளிவந்தது. அடிமைப்பெண் ஒருத்தி பேரரசரின் முகத்திற்கு நேரே உண்மையைச் சொல்லும் கணத்தில் உலகம் நிறம் பெறுவது பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இது தற்செயலாக விளைந்த வழுவமைதி. 2004 நவம்பரில் கறுப்பு வெள்ளைப் பகுதிகளுக்கும் கணினியால் வண்ணம் ஏற்றிப் படத்தை மறுபடி வெளியிட்டனர். 197 நிமிடமாக இருந்த படம் 177 நிமிடமாகக் குறைக்கவும்பட்டது. வழு நீங்கியது உண்மையே. ஆனால் அக்கண்ணாடி மாளிகைப் பாடல் தொடங்கும்போது முன்பு நெஞ்சில் எழுந்த அதிர்வு அப்பதிப்பில் எனக்குக் கிட்டவில்லை. வழுவமைதியை நீக்கி வழாநிலை ஆக்கிவிட்டால் சில இடங்களில் சுவை குன்றும் போலும்.

அக்கண்ணாடி மாளிகை பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 150 அடி நீளம், 80 அடி அகலம், 35 அடி உயரம் கொண்ட அவ்வரங்கை அமைக்க இரண்டாண்டுகள் ஆயின. 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. பெல்ஜியத்துக் கண்ணாடித் துண்டுகளைப் பிரோசாபாத் தொழிலாளர்கள் பதித்தனர். கட்டி முடித்த பின்னரே இடர் தெரிந்தது. விளக்கை ஏற்றினால் ஆயிரக்கணக்கான கண்ணாடிகளிலும் அவ்விளக்கே தெரிந்தது. இங்குப் படமெடுத்தல் இயலாது என்று வல்லுநர் கைவிரித்தனர். பின்னர் கண்ணாடிகளின்மீது மெல்லிய மெழுகு பூசி மினுக்கத்தை அடக்கியும், ஆங்காங்கே துணிகளை நிறுத்தி ஒளியை அவற்றின்மேல் வீழ்த்தித் திருப்பியும் ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் வெற்றி கண்டார்.

இத்துணை உழைப்பில் உருவான அம்மாளிகையே ஒரு காலவழு என்பதுதான் சுவையான செய்தி. அதற்கு முன்மாதிரியாகக் கொண்டது இலாகூர்க் கோட்டையில் உள்ள ஷீஷ் மஹல். அதனை 1631–32இல் கட்டுவித்தவர் ஷாஜஹான். பேரன் கட்டிய மாளிகையில் பாட்டனார் வீற்றிருக்கிறார். உடைக்கும் அணிக்கும் அத்துணைக் கவலை கொண்ட ஆசிஃப் இதனை அறியாதிருந்திருப்பார் என நான் நம்பவில்லை. அக்பரின் ஃபத்தேபூர் சிக்ரி செந்நிறக் கல்லால் ஆனது. உறுதியும் எளிமையும் அதன் அழகு. கூரையெங்கும் ஒரு நங்கையின் உருவம் பல்லாயிரமாகத் தெரியும் காட்சியை அங்கு எடுத்தல் ஒல்லாது.

காலவழு இதனோடு முடியவில்லை. படத்தின் தொடக்கத்தில், மகப்பேறு வேண்டி அக்பர் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து செல்கிறார். பிருத்விராஜ் கபூர் உண்மையாகவே கொதிக்கும் மணலில் நடந்தார் என்பர். வரலாற்றில் அக்பர் சிக்ரியில் வாழ்ந்த ஷெய்கு சலீம் சிஷ்தி அவர்களின் துஆவை நாடினார். 1569இல் மகன் பிறந்தபின், நேர்ந்துகொண்டபடி 1570இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்காவுக்கு நடந்து சென்றார். வேண்டுதற்குச் சென்ற நடையன்று அது. நன்றி செலுத்தச் சென்ற நடை. திரைப்படம் முன்பின்னாக மாற்றிவிட்டது.

அதே காட்சியின் விளைவாக, ‘ஒரே மகன்’ என்னும் எண்ணம் படம் முழுதும் நிலைக்கிறது. தந்தை மகனுக்கு மரணதண்டனை விதிக்கையில் நம் நெஞ்சு பதைப்பது அதனாலேயே. உண்மையில் அக்பருக்கு 1570இல் முராதும் 1572இல் தானியாலும் பிறந்தனர். படத்தில் அவ்விருவரும் இலர். பதினான்கு ஆண்டுகள் போர்முனையில் வளர்ந்து மணமாகாத இளைஞராகத் திரும்பி வருகிறார் படத்துச் சலீம். வரலாற்றுச் சலீமுக்கோ 1585இலேயே ஆம்பேர் அரசர் பகவான்தாஸின் மகளுடன் திருமணம் நிகழ்ந்தது. 1587இல் குஸ்ரூ பிறந்தார். 1592இல் குர்ரம் என்னும் ஷாஜஹான் பிறந்தார். தந்தையை எதிர்த்து 1600 அளவில் அலகாபாத்தில் தனியரசு நடத்தியபோது அவர் முப்பது வயது கடந்தவர், பல மனைவியர்க்குக் கணவர், மக்கட்பேறு உடையவர். அக்கிளர்ச்சிக்குக் காரணம் அரியணை வேட்கை. தந்தையும் மகனும் எதிரெதிரே நின்று பெரும்போர் புரியவும் இல்லை. நிகழ்ந்தது அதனினும் கொடியது: 1602இல் அக்பரின் உயிர்த்தோழரும் ‘அக்பர் நாமா’ ஆசிரியருமான அபுல் ஃபஸ்லை, சலீமின் தூண்டுதலால் வீர்சிங் புந்தேலா கொன்றார். ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் இதனை மறைக்கவுமில்லை. அனார்கலியைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. காதலுக்காக எழுந்த கிளர்ச்சி என்று திரை காட்டும்போது, அறிஞர் ஒருவரின் குருதி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. மற்ற வழுக்களை நான் எளிதில் மன்னிப்பேன்; இதனை மன்னிக்க மனம் ஒப்பவில்லை.

தான்சேன் பாட, காதலர் மகிழும் இரவுக்காட்சி படே குலாம் அலி கானின் குரலால் அழியா வாழ்வு பெற்றது. தான்சேன் மறைந்தது 1580களிலேயே என்பதை நினைவூட்டி அவ்வின்பத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை. அமான், கமால் அம்ரோஹி, வஜாஹத் மிர்ஸா, எஹ்சான் ரிஸ்வி ஆகியோர் எழுதிய உருது உரையாடலும் அத்தகையதே. அக்பர் அவையின் ஆட்சிமொழி பாரசீகம்; படத்தில் நாம் கேட்கும் செம்மை சான்ற உருது அரசவை மொழியாக உருப்பெற்றது பிற்காலத்தில். ஆனால் திரையில் பாரசீகம் பேசினால் யார் கேட்பார்? இவ்விரண்டும் நாடக வழக்கு என்று அமைத்துக்கொள்ளத் தக்கவை.

அமைத்துக்கொள்ள இயலாதது அரசியின் பெயர். சலீமின் அன்னையைப் படம் ‘ஜோதாபாய்’ என்கிறது. அக்காலத்து வரலாற்று நூல்களில் அவருக்கு அப்பெயர் இல்லை. ஆம்பேர் மன்னர் பார்மலின் மகளாகிய அவர் மர்யமுஸ் ஸமானி என்னும் சிறப்புப் பெயரால் குறிக்கப்படுகிறார். ஜோத்பூர் இளவரசி சலீமின் மனைவி, ஷாஜஹானின் தாய். மாமியார்க்கும் மருமகளுக்கும் பெயர் மயங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கர்னல் டாட் எழுதிய இராஜஸ்தான வரலாறு இம்மயக்கம் பரவத் துணைபுரிந்தது. திரைப்படம் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2008இல் ‘ஜோதா அக்பர்’ என்னும் வேறொரு படம் வந்தபோது இப்பெயர் பற்றியே இராஜஸ்தானத்தில் எதிர்ப்பு எழுந்து, திரையரங்குகளில் அப்படத்தைத் திரையிட முடியாமற் போயிற்று. மர்யமுஸ் ஸமானி வெறுமனே கண்ணீர் வடிக்கும் அன்னை அல்லர். கடல்வாணிகம் நடத்திய கப்பல் உரிமையாளர். ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றிச்சென்ற அவருடைய ‘ரஹீமி’ என்னும் பெருங்கப்பலை 1613இல் போர்ச்சுகீசியர் கைப்பற்றியது முகலாயர்க்கும் அவர்க்கும் இடையே பகை மூளக் காரணமாயிற்று. துர்கா கோட்டே மிக நன்றாகவே நடித்தார்; அவருக்குக் கொடுக்கப்பட்ட பாத்திரத்தில் இப்பெண்மணி இல்லை.

இவ்வளவும் கேட்ட பின்னர் அம்மாணவர் என்னிடம் ஒன்று வினவினார்: “அப்படியானால் அனார்கலி என்றொருத்தி இருந்ததே இல்லையா, ஐயா?”

இலாகூரில் எண்கோண வடிவில் ஒரு கல்லறை மாளிகை இருக்கிறது. மக்கள் அதனை அனார்கலி கல்லறை என்பர். அங்குள்ள பளிங்குப் பேழையில் இறைவனின் திருநாமங்களும், சலீமின் பெயரிட்ட பாரசீக ஈரடி ஒன்றும், 1599, 1615 ஆகிய ஆண்டுகளுக்கு ஒத்த ஹிஜ்ரி ஆண்டுகள் இரண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. 1611இல் அந்நகருக்கு வந்த வில்லியம் ஃபின்ச் என்னும் ஆங்கில வணிகர் இக்கல்லறை பற்றித் தாம் கேட்ட கதையை எழுதிவைத்தார். அவர் கேட்ட கதையில் அப்பெண் ஆடல்மகள் அல்லள். அக்பரின் மனைவியருள் ஒருத்தி. இன்று நாம் அறிந்த வடிவிலான கதைக்கு நாடகவுருத் தந்தவர் இம்தியாஸ் அலி தாஜ்; அவர் தம் உருது நாடகத்தை எழுதியது 1922இல். அக்கல்லறையில் இருப்பவர் சலீமின் மனைவியருள் ஒருவரும் 1599இல் இறந்தவருமான சாஹிப்-ஏ-ஜமால் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உளர். ஆங்கிலேயர் அம்மாளிகையைச் சிலகாலம் கிறித்தவ ஆலயமாகப் பயன்படுத்தினர். 1891 முதல் அது பஞ்சாப் அரசின் ஆவணக் காப்பகமாக உள்ளது.

“ஆவணக் காப்பகத்திலேயே அடங்கியிருக்கிறார், அவர் பெயருக்கு ஆவணம் இல்லையா?” என்றார் மாணவர். கட்டுரையைத் திருத்தி எழுதித் தருவதாகச் சொல்லி வாங்கிச் சென்றார். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பு ஒரு வரியில் முடித்திருந்த செய்தி இப்போது நான்கு பக்கமாக விரிந்திருந்தது.